அம்மா சமைக்கிற வீடியோவுல இருந்து அளவும் பக்குவமும் எடுக்குற ஆப்: எங்கெல்லாம் சறுக்குதுன்னு சொல்றேன், வழி சொல்லுங்க

விருதுநகர்_பொண்ணு:

வணக்கம். நான் ஆண்ட்ராய்டு டெவலப்பர், சென்னையில வேலை, சொந்த ஊரு விருதுநகர் பக்கம். போன பொங்கல்ல இருந்து ஊருக்குப் போறப்பல்லாம் அம்மா சமைக்கிறதை ஃபோன்ல அப்படியே எடுத்துட்டு வரேன். சீனி டப்பாவுல ஃபோனை சாய்ச்சு வச்சு ரெக்கார்டை அமுக்கிட்டு விட்டுடுவேன், கட் பண்றது, லைட் வைக்கிறதுன்னு ஒண்ணும் கிடையாது. ஒவ்வொண்ணும் 30 நிமிஷம், 50 நிமிஷம்னு ஓடும். இதுவரைக்கும் 14 வீடியோ சேர்ந்துருக்கு, கருவாட்டுக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, அதிரசம் எல்லாம் இருக்கு.

எடுத்து வச்சதோட சரி, நானே பார்க்குறதில்ல. அடுப்புல சட்டியை வச்சுட்டு புளி எம்புட்டுன்னு தெரிய 40 நிமிஷ வீடியோவை யாரு தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு இருப்பா? எங்க ஆபீஸ்ல கேட்டா பாதி பேரு ஃபோன்ல இதே மாதிரி வீடியோ தூங்குது. அதான் ஒரு ஆப் பண்ணலாம்னு இறங்கிட்டேன். வீடியோவை அப்படியே போட்டா சாமான், அளவு, எது முன்னாடி எது பின்னாடி எல்லாம் பிரிஞ்சு வரணும், எந்த வரியைத் தொட்டாலும் அம்மா அதைச் செய்யுற அந்த இடம் மட்டும் ஓடணும். அவ்வளவுதான் ஐடியா.

முதல் வெர்ஷன்ல ஆடியோவைப் பிரிச்சு ஓப்பன்ஏஐயோட விஸ்பர்ங்கிற மாடல்ல குடுத்து தமிழ் எழுத்தா மாத்திட்டு, அதை ஒரு பெரிய மொழி மாடல்கிட்ட குடுத்து செய்முறையா பிரிக்கச் சொன்னேன். வந்ததைப் பார்த்து உக்காந்துட்டேன்.

அம்மா "புளி ஒரு நெல்லிக்கா அளவு எடுத்துக்கோ"ன்னு சொல்றாங்க, லிஸ்ட்ல "நெல்லிக்காய் 1"னு தனி சாமானா வந்துருக்கு, புளியைக் காணோம். "வத்தல் நாலஞ்சு கிள்ளிப் போடு"ன்னது "வத்தல் 45"னு வந்துருக்கு. "தேங்காய அரை, ரொம்ப நைசா வேணாம்"னு சொன்னதை "அரை தேங்காய்"னு எடுத்துக்கிச்சு, ஆனா அம்மா போட்டது ரெண்டு சில்லுதான். "எண்ணெய் காயட்டும்"ங்கிறது "எண்ணெயை உலர விடவும்"னு ஆயிருக்கு. ஹால்ல சீரியல் ஓடிட்டு இருந்துச்சு போல, அதுல யாரோ "இனிமே இந்த வீட்டுல எனக்கு இடமில்ல"ன்னு அழுதது 7-வது ஸ்டெப்பா வந்து நிக்குது.

இதெல்லாம் பார்த்தவுடனே தப்புன்னு தெரிஞ்சுடும், அதனால எனக்கு பயம் இல்ல. பயம் எங்கன்னா, உப்பு. அந்த வீடியோ முழுக்க அம்மா உப்புக்கு அளவே சொல்லல, கையில அள்ளிப் போட்டாங்க, அவ்வளவுதான். ஆப் "உப்பு 1½ தேக்கரண்டி"ன்னு சொல்லுது. பார்க்க சரியா இருக்கு, ஆனா அது எங்க அம்மா சொன்னது இல்ல, எங்கயோ இருந்து வந்த அளவு. நாளைக்கு என் பொண்ணு அதைப் பார்த்து "ஆச்சி அளவு"ன்னு நம்புவா. இது எனக்கு ராத்திரி தூக்கத்தையே கெடுக்குது.

இன்னொண்ணு, அம்மா பாதி நேரம் வாயால சொல்றதே இல்ல. "இம்புட்டு எடுத்து அதுல போடு"ன்னு கையைக் காட்டுவாங்க. எழுத்தா மாத்தினா "இம்புட்டு"ங்கிற வார்த்தை மட்டும்தான் மிஞ்சுது.

கேக்க வேண்டியது மூணு. 40 நிமிஷ வீடியோ 2 ஜிபி தாண்டுது, ஊர்ல இருக்கிற நெட்டுல இதை எப்படி அப்லோடு பண்ண வைக்கிறது? நம்ம வீட்டுப் பேச்சுத் தமிழுக்கு எந்த மாடல் ஒத்து வரும்? சொல்லாத அளவை மாடல் தானா நிரப்பாம எப்படித் தடுக்குறது?

ஃபிரேம்_எண்ணி:

நான் 6 வருஷமா வீடியோ பைப்லைன் வேலைதான் பண்றேன், முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், அதுல உங்களுக்கு இருக்கிற கஷ்டம் பாதி தேவையில்லாதது.

முழு வீடியோவை மேல அனுப்பவே அனுப்பாதீங்க. ஐஃபோன் கேமரா செட்டிங்ஸ்ல பார்த்தா 1080பி தரத்துல செகண்டுக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம்னா நிமிஷத்துக்கு சுமார் 60 எம்பின்னு அவங்களே போட்டிருப்பாங்க, அப்ப 40 நிமிஷத்துக்கு 2.4 ஜிபி ஆகுது. ஆனா உங்களுக்கு அதுல தேவையானது என்ன? பேச்சும், சில படங்களும். ஆடியோவை ஃபோன்லயே பிரிச்சு ஓபஸ்ங்கிற ஒலி ஃபார்மேட்டுல 24 கேபிபிஎஸ்ஸா மாத்தினா 40 நிமிஷமும் சேர்ந்து 7 எம்பி சொச்சம்தான் வரும், பேச்சுக்கு அது தாராளம். அதை முதல்ல அனுப்புங்க, பேச்சு எழுத்தா திரும்பி வந்ததும் எந்தெந்த நேரத்துப் படம் வேணும்னு சர்வர் கேக்கட்டும், ஃபோன் அந்த ஃபிரேமை மட்டும் எடுத்துக் குடுக்கட்டும். ரெண்டு செகண்டுக்கு ஒரு படம்னு எடுத்தாக்கூட 1200 படம், சின்னதாக்கி ஒண்ணு 40 கேபின்னு வச்சாலும் 50 எம்பிக்குள்ள முடிஞ்சுடும். ஒரிஜினல் வீடியோ அவங்க ஃபோனை விட்டு நகரவே வேணாம்.

வீடியோவை அப்படியே வாங்கிக்கிற மாடலும் இருக்கு, ஆனா அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கூகுளோட ஜெமினி 2.0, 2.5 மாடல்ல வழக்கமா செகண்டுக்கு ஒரு ஃபிரேம்தான் எடுத்துப் பார்க்கும், ஒரு ஃபிரேமுக்கு 258 டோக்கன் (மாடல் படிக்கிற சின்னத் துண்டு), ஆடியோவுக்கு செகண்டுக்கு 32 டோக்கன். 40 நிமிஷம்னா 2400 செகண்டு, பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 7 லட்சம் டோக்கன் ஒரு குழம்புக்கு. அதுவும் அம்மா பெருங்காயத்தை ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுறது அரை செகண்டுல முடிஞ்சுடும், செகண்டுக்கு ஒரு படம் எடுத்தா கை டப்பாக்கிட்ட இருக்கும், அடுத்த படத்துல கை கரண்டியில இருக்கும், போட்டதே இருக்காது.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. ஃபோன்ல எடுக்குற வீடியோல ஃபிரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் கம்மியானா ஃபோன் தானா குறைச்சுக்கும், சூடானாலும் தடுமாறும். அடுப்புக்குப் பக்கத்துல வேற வச்சிருக்கீங்க. ஃபிரேம் நம்பரை 30-ஆல வகுத்து நேரம் கண்டுபிடிச்சீங்கன்னா கடைசில பல செகண்டு தள்ளிப் போயிருக்கும், தாளிக்கிறதைத் தொட்டா தட்டுக் கழுவுறது ஓடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஃபைல்லயே டைம்ஸ்டாம்ப் இருக்கு, அதை மட்டும் நம்புங்க. படத்துல கோடு கோடா ஓடுதுன்னா அது டியூப்லைட், நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100-ல பூட்டிட்டா நின்னுடும்.

அப்புறம் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு ஆகி வந்த வீடியோவைத்தான் பாதி பேரு போடுவாங்க, அதுல படம் பிசைஞ்ச மாதிரி இருக்கும். ஒரிஜினல் இருந்தா அதைப் போடுங்கன்னு முதல் ஸ்க்ரீன்லயே கேட்டுடுங்க.

ஒலி_வடிவம்:

பேச்சு பத்தி நான் சொல்றேன், இதுதான் என் பொழப்பு.

விஸ்பர் 2022 செப்டம்பர்ல வந்தப்ப 6,80,000 மணி நேர ஆடியோவுல பழக்கினதுன்னு சொன்னாங்க, ஆனா அதுல பெரும்பகுதி இங்கிலீஷ், தமிழோட பங்கு ரொம்பக் கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் உங்க அம்மா அடுப்படியில பேசுற தமிழா இருக்காது. அதை விட முக்கியம், அது 30 செகண்டு துண்டு துண்டாத்தான் கேக்கும், அந்தத் துண்டுல யாருமே பேசலைன்னாலும் ஏதாவது எழுதணும்னு நினைக்கும். சமையல் வீடியோவுல பாதி நேரம் பேச்சே இருக்காது, எண்ணெய் சத்தம், மிக்ஸி, குழாய்த் தண்ணி. அந்த இடத்துல எல்லாம் "பார்த்ததற்கு நன்றி"ன்னு ஏதாவது வந்து உக்காந்திருக்கும், பாருங்க. 2024-ல வந்த ஒரு ஆய்வுல இங்கிலீஷ் பேச்சுலயே சுமார் 1 சதவீதத் துண்டுல இல்லாத வாக்கியத்தை அது சேர்த்திருந்துச்சு, பேச்சுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருந்தவங்க ஆடியோவுலதான் அது கூடுதலா நடந்துச்சு. அடுப்படியில இடைவெளிக்கா பஞ்சம்? அதனால முதல்ல பேச்சு எங்க இருக்குன்னு மட்டும் பிரிச்சு எடுங்க, சிலேரோன்னு ஒரு சின்ன மாடல் இருக்கு, ஃபோன்லயே ஓடும், பேச்சு இருக்கிற துண்டை மட்டும் அனுப்புங்க. இதை ஒண்ணு செஞ்சாலே குப்பை நிறையக் குறையும்.

விஸ்பரோட நிறுத்தாம ஐஐடி மெட்ராஸ் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்கன்ஃபார்மர்ங்கிற பேச்சு மாடலையும் ஓட்டிப் பாருங்க, அது அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழிக்கும் பண்ணது. ரெண்டையும் ஒரே துண்டுல ஓட்டி, ரெண்டும் வேற வேற சொன்னா அந்த இடத்தை மஞ்சள்ல காட்டி வீட்டு ஆளுங்களையே கேளுங்க. விஸ்பருக்கு முன்கூட்டியே வார்த்தைப் பட்டியல் குடுக்குறதுக்கு ஒரு இடம் இருக்கு, ஆனா 224 டோக்கன்தான் கொள்ளும், தமிழ் எழுத்து அதுல டோக்கனை நிறையத் தின்னும், முக்கியமான பத்துப் பதினஞ்சு வார்த்தையை மட்டும் போடுங்க.

நெல்லிக்காயும் 45-உம் பேச்சு மாடல் செஞ்ச தப்பே இல்ல, அது சரியாத்தான் கேட்டிருக்கு. அடுத்து இருக்கிற மாடல்தான் அளவை சாமானா எடுத்துக்கிட்டு, நாலஞ்சை நம்பரா மாத்திடுச்சு. மாத்தவே விடாதீங்க. அம்மா சொன்ன வார்த்தை அப்படியே ஒரு இடத்துல நிக்கணும், எண்ணு அதுக்குப் பக்கத்துல வேற இடத்துல இருக்கட்டும். நாலஞ்சுன்னா 4-ல இருந்து 5, ஏழெட்டுன்னா 7-ல இருந்து 8, இதுக்கு மாடலே வேணாம், கையால ஒரு அட்டவணை போட்டாலே போதும், தமிழ்ல இந்த ஜோடி எத்தனை வந்துடப் போகுது? சுண்டைக்கா, நெல்லிக்கா, எலுமிச்சம்பழம் மூணும் "அளவு", "சைஸ்", "உருண்டை"ன்னு ஒட்டிக்கிட்டு வந்தா அது அளவு, தனியா வந்தா சாமான். "அரை"க்கும் அதே மாதிரி, பின்னாடி ஒரு பொருளோ அளவோ வருதா, இல்ல வாக்கியம் அதோட முடியுதான்னு பாருங்க. "காயுறது"க்கு முன்னாடி எண்ணெயோ சட்டியோ இருந்தா சூடு, வத்தலோ வடகமோ இருந்தா வெயிலு.

சீரியலுக்காக டிவியை ஆஃப் பண்ணச் சொல்லாதீங்க, பண்ண மாட்டாங்க, பண்ணினாலும் அவங்க இயல்பா பேச மாட்டாங்க. அம்மா குரல் 10 செகண்டு தனியா வாங்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு துண்டும் அந்தக் குரலோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகாதது தனியா கிடக்கட்டும்.

விருதுநகர்_பொண்ணு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆடியோவை மட்டும் முன்னாடி அனுப்பலாம்னு எனக்குத் தோணவே இல்ல, நான் பாட்டுக்கு விட்ட இடத்துல இருந்து தொடர்ற அப்லோடு எழுதிட்டு உக்காந்திருந்தேன். நீங்க சொன்னதும் போய்ப் பார்த்தேன், மிக்ஸி ஓடுற இடத்துல நிஜமாவே "நன்றி நன்றி"ன்னு நாலு தடவை எழுதி வச்சிருக்கு. இம்புட்டுக்கும் உப்புக்கும் யாராவது வழி சொல்லுங்க.

மதுரை_டேட்டா:

ரெண்டுக்கும் ஒரே வழிதான்னு நான் நினைக்கிறேன் தங்கச்சி.

நீங்க மாடல்கிட்ட என்ன வடிவத்துல பதில் கேட்டீங்கன்னு பாருங்க. "அளவு"ன்னு ஒரு கட்டம் வச்சு அதை கட்டாயம்னு போட்டிருப்பீங்க. கட்டாயம்னா அது நிரப்பித்தான் ஆகும், காலியா விட அதுக்கு வழியே குடுக்கல நீங்க. கட்டத்தை இப்படி மாத்துங்க: சாமான், அம்மா சொன்ன வார்த்தை அப்படியே, எந்த செகண்டுல இருந்து எந்த செகண்டு வரைக்கும், அளவு எப்படித் தெரிஞ்சுது. கடைசிக் கட்டத்துக்கு மூணே பதில்தான், "சொன்னாங்க", "கையில தெரிஞ்சுது", "தெரியல". "சொன்னாங்க"ன்னு வந்தா, அந்த செகண்டுல இருக்கிற எழுத்துல அந்த வார்த்தை நிஜமா இருக்கான்னு உங்க புரோகிராம் தேடிப் பார்க்கணும், இல்லன்னா தூக்கிப் போட்டுடணும். இதுக்கு இன்னொரு மாடல் வேணாம், சாதாரண எழுத்துத் தேடல் போதும். உங்க "1½ தேக்கரண்டி" இந்த வாசல்லயே நின்னுடும், ஏன்னா வீடியோல எந்த இடத்துலயும் அந்த வார்த்தை இல்ல.

உப்புக்கு எதிர்ல "தெரியல, பார்த்துக்கோங்க"ன்னு போட்டு அந்தக் கை போடுற 3 செகண்டை ஓட விட்டா அதை யாரும் குறையா நினைக்க மாட்டாங்க. எங்க வீட்டுலயும் உப்புக்கு இதான் அளவு.

இப்ப இம்புட்டு. அதைப் பிரச்சனையா பார்க்காதீங்க, அதுதான் உங்களுக்கு மணி அடிச்சுச் சொல்லுது எங்க பார்க்கணும்னு. "இம்புட்டு, இவ்வளவு, இத, அத, இந்தா, இப்படி, இந்தப் பதம்"னு ஒரு சுட்டுச்சொல் வந்தாலே அந்த நேரத்துல கேமரா முன்னாடி ஏதோ காட்டுறாங்கன்னு அர்த்தம். அங்க மட்டும் முன்னாடி 2 செகண்டு, பின்னாடி 3 செகண்டு, செகண்டுக்கு 5 படம்னு நெருக்கமா எடுங்க. 25 படம்தான் ஆகும். மத்த இடத்துல அஞ்சு செகண்டுக்கு ஒண்ணு போதும். படம் பார்க்குற செலவும் குறையும், கண்ணும் சரியான இடத்துல இருக்கும். நான் இதை வேற வேலையில செஞ்சு பார்த்திருக்கேன், பட்டறையில மெக்கானிக்குங்க வேலை செய்யுற வீடியோ, அவங்களும் "இத இப்படித் திருப்பணும்"னுதான் பேசுவாங்க.

ஆனா படத்துல இருந்து கிராம் கணக்குச் சொல்லச் சொல்லாதீங்க, அது நடக்காது. "பெரிய கரண்டியில ஒண்ணு, தலை தட்டாம"ன்னு அளவுக்குச் சொன்னா போதும். அதுக்கும் ஒரு வழி இருக்கு, அம்மாவோட கரண்டி, டம்ளர், கிண்ணம் எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை தண்ணி ஊத்தி அளந்து வச்சுக்கோங்க. ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180 மில்லி, வீட்டுல அது இருந்தா அதுலயே அளக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாத்திரப் பட்டியல், இதை ஆப்போட முதல் வேலையா வைங்க. படி, ஆழாக்குன்னு சொல்ற வீட்டுல கூட, 8 ஆழாக்கு ஒரு படிங்கிறது மாறாதே தவிர படி ஊருக்கு ஊரு வேற, அவங்க வீட்டுப் படியை அளந்தாத்தான் உண்டு.

ரெடியா கிடைக்கிற அடுப்படி டேட்டாவுல எபிக்-கிச்சன்ஸ் பெருசு, தலையில கேமரா மாட்டிக்கிட்டு 45 சமையலறையில 100 மணி நேரம் எடுத்தது. படிக்க நல்லா இருக்கும், ஆனா வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உரிமத்துலயே இருக்கு, அதுல பழக்கி ஆப்ல வச்சுடாதீங்க. அம்மியும் இட்லித்தட்டும் குழிப்பணியாரக் கல்லும் வேணும்னா நீங்கதான் எடுத்துக் குறி போட்டாகணும்.

கடல்_தாண்டி:

எனக்கு கம்ப்யூட்டர் வேலை கிடையாது, சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருக்கேன், இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ள வந்தேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்க அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க சமைக்கிற வீடியோ என்கிட்ட மொத்தம் மூணுதான் இருந்துச்சு, தங்கச்சி எடுத்து அனுப்புனது. ஒரு ஆப்ல போட்டா செய்முறையா எழுதித் தரும்னு ஒரு கூட்டாளி சொன்னான், போட்டேன், அழகா எழுதிக் குடுத்துச்சு. ஃபோன்ல இடமில்லன்னு நான் வீடியோவை அழிச்சுட்டேன், ஆப்ல இருக்குன்னு நம்பிக்கிட்டு. அப்புறம் போய்ப் பார்த்தா எழுத்து மட்டும்தான் இருக்கு, வீடியோவை 30 நாள்தான் வச்சிருப்பாங்களாம். தங்கச்சி ஃபோன்ல ஒண்ணு மட்டும் கிடைச்சுது, மீன் குழம்பு.

அந்த எழுத்தை வச்சு மத்த ரெண்டையும் செஞ்சு பார்த்தேன். வரல. "வெங்காயம் பொன்னிறமாக வதக்கவும்"னு எழுதியிருக்கு, எங்க அம்மா பொன்னிறம்னு ஒரு நாளும் பேசினது இல்ல. மீன் குழம்பு வீடியோல என்ன சொல்றாங்கன்னா, "சத்தம் அடங்கும் பாரு, அப்ப போடு"ங்கிறாங்க. சட்டியில தண்ணி வத்துறப்ப சத்தம் மாறுதுல்ல, அதை. அந்த மீன் குழம்பு மட்டும் எனக்கு அம்மா கையில வந்த மாதிரியே வருது, ஏன்னா அந்தச் சத்தத்தை நான் இருபது தடவை கேட்டிருக்கேன்.

நீங்க செய்யுற ஆப்ல எழுத்து சரியா வருதோ இல்லையோ, வீடியோவை மட்டும் தொடாதீங்கம்மா. அழிக்கிறதுக்கு முன்னாடி நாலு தடவை கேளுங்க.

ஒலி_வடிவம்:

அண்ணே, நீங்க சொன்ன அந்தச் சத்தம் நான் விட்டுப் போன விஷயம். பேச்சு இல்லாத இடத்தை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லிட்டேன் மேல, அது எழுத்தா மாத்துறதுக்கு மட்டும்தான், ஆப்ல அந்த ஒலி இருந்தே ஆகணும். யாம்நெட்னு கூகுள் விட்ட ஒரு சின்ன மாடல் 521 வகைச் சத்தத்தைப் பிரிக்கும், பொரியுற சத்தம், நறுக்குற சத்தம், மிக்ஸி மாதிரி ஓடுற சத்தம் எல்லாம் அதுல இருக்கு, ஃபோன்லயே ஓடும். குக்கர் விசிலுக்குன்னு தனி வகை கிடையாது, ஆனா விசில் மத்த சத்தத்தை எல்லாம் மிதிச்சுக்கிட்டு ஒரே உயரத்துல ரெண்டு மூணு செகண்டு நிக்கும், அதை எண்ணுறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் போதும். "நாலு விசில்"னு அம்மா சொல்லிட்டு ஆறு விட்டிருந்தா ரெண்டையும் காட்டலாம். பொரியுற சத்தம் எந்த செகண்டுல ஆரம்பிச்சு எங்க அடங்குதுன்னு வீடியோவுக்குக் கீழ ஒரு கோடா வரைஞ்சுடுங்க. வதக்குறதுக்கு அதை விட நல்ல அளவு இருக்குன்னு எனக்குத் தோணல.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா இதுக்குக் காசு யாரு குடுப்பா? ஒரு வீட்டுல வருஷத்துக்கு எத்தனை வீடியோ எடுத்துடுவாங்க, பத்து? மாசச் சந்தா கேட்டா ரெண்டாவது மாசமே எடுத்துடுவாங்க. பேசாம யூடியூப்ல இருக்கிற ஆயிரக்கணக்கான தமிழ்ச் சமையல் வீடியோவை எடுத்துச் செய்முறை பிரிச்சுக் குடுத்தா கூட்டம் வரும், விளம்பரம் போடலாம். கிராமத்துல பெரிய சட்டியில சமைக்கிற சேனலை எல்லாம் கோடிக்கணக்குல பார்க்குறாங்க.

வீட்டு வீடியோன்னா இன்னொரு தலைவலியும் இருக்கு. 2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியமான கடமைகள் எல்லாம் அதுல இருந்து 18 மாசத்துல அமலுக்கு வருது. வீட்டுல ஒருத்தர் தன் சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கிட்டா சட்டம் தொடாது, ஆனா நீங்க ஆப் நடத்துற ஆளு, உங்களைத் தொடும். அடுப்படியில குழந்தை ஓடும், 18 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதத்தை சரிபார்த்து வாங்கணும், பக்கத்து வீட்டு அக்கா வந்து அவங்க வீட்டுக் கதையைச் சொல்லிட்டுப் போவாங்க, அதுவும் உங்க சர்வர்ல எழுத்தா இருக்கும். பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். யோசிச்சு இறங்குங்க.

விருதுநகர்_பொண்ணு:

ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன், செஞ்சு பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

கணக்குப்பிள்ளை அண்ணா, யூடியூப் பக்கம் நான் போகல. அனுமதி இல்லாம இறக்கக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, அது போக அந்தச் செய்முறை எல்லாம் ஏற்கனவே எல்லாருக்கும் பேசுறதுக்காக எடுத்தது, அளவு எல்லாம் தெளிவா சொல்லியிருப்பாங்க, அங்க நான் செய்ய ஒண்ணும் இல்ல. எங்க அம்மா யாருக்கும் பேசல, எனக்குத்தான் பேசுறாங்க, அதான் பாதி சொல்லாம விடுறாங்க. அந்த விட்ட பாதியைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுதான் இந்த ஆப். காசு விஷயத்துல நீங்க சொன்னது சரி, சந்தா வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், ஒரு வீடியோவுக்கு இவ்வளவுன்னு ஒரே தடவை வாங்கிக்கிறேன். சட்டம் பத்தி நீங்க சொன்னப்புறம் குரல் ஒத்துப் போகுதான்னு பார்க்குறதை ஃபோனுக்குள்ளயே வச்சுட்டேன், அம்மா குரல் இல்லாத துண்டு எதுவும் ஃபோனை விட்டு வெளிய போகாது. பக்கத்து வீட்டு அக்கா கதை அங்கயே இருக்கும். படத்துல வேற ஆளு முகம் வந்தா அனுப்புறதுக்கு முன்னாடி மங்க வைக்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கு.

வீடியோ எங்கயும் போகல. ஃபோன்லயே இருக்கு, வேணும்னா அவங்கவங்க சொந்த டிரைவுல ஒரு பிரதி. 14 வீடியோவும் சேர்ந்து 30 ஜிபி தாண்டுது, கூகுள்ல இலவசம் 15 ஜிபிதான், அதனால ஃபோன்ல இடம் போதலைன்னா செய்முறையில காட்டுற துண்டுகளையாவது ஒரிஜினல் தரத்துல தனியா வெட்டி வச்சுக்கிற மாதிரி பண்ணிருக்கேன். ஆப்ல "வீடியோவை அழி"ங்கிற பட்டனே இப்ப இல்ல. சிங்கப்பூர் அண்ணா, உங்க பதிவைப் படிச்சுட்டு அன்னிக்கே எடுத்துட்டேன் அதை. அந்த ஆப் வச்சிருந்தவங்களுக்கு ஒரு மெயில் போட்டு பேக்கப்ல ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க, நான் வேணும்னா எழுதித் தரேன்.

இப்ப கருவாட்டுக் குழம்பை மறுபடி ஓட்டினேன். புளி, "ஒரு நெல்லிக்கா அளவு", தொட்டா அம்மா உள்ளங்கையில வச்சுக் காட்டுறாங்க. வத்தல், "நாலஞ்சு", பக்கத்துல சின்னதா 4–5. உப்பு, "தெரியல, பார்த்துக்கோங்க", கை ரெண்டு தடவை போகுது. மொத்தம் 11 சாமான்ல 6-க்கு அளவு அம்மா வாயால சொன்னது, 3 கையில தெரிஞ்சது, 2 தெரியல. முன்னாடி 11-க்கும் அளவு இருந்துச்சு, அதுல 5 பொய்யி. சீரியல் போயிடுச்சு. மதுரை அண்ணா சொன்ன மாதிரி சுட்டுச்சொல்லைத் தேடினேன், 42 நிமிஷத்துல அம்மா 63 தடவை "இந்தா", "இம்புட்டு", "இத" சொல்லியிருக்காங்க, நான் ஒண்ணைக் கூட நேர்ல கவனிக்கல.

அம்மாகிட்ட ஃபோன்ல காட்டினேன் ஞாயித்துக்கிழமை. உப்பு இடத்துல "தெரியல"ன்னு இருக்கிறதைப் பார்த்துட்டு, "அது கருவாட்டுல உப்பு எம்புட்டு இருக்குன்னு நக்கிப் பார்த்துட்டுல்ல போடணும், அதை எப்படிச் சொல்றது"ன்னாங்க. அது எந்த வீடியோலயும் இல்ல. அதனால இப்ப "தெரியல" இருக்கிற இடத்துல எல்லாம் ஒரு மைக் பட்டன் வச்சிருக்கேன், அம்மாவோட பேசுறப்ப அங்கயே கேட்டு அவங்க குரல்லயே போட்டுக்கலாம்.

ஒரு உதவி வேணும். என் அளவு அட்டவணை முழுக்க எங்க ஊரு வார்த்தை. எங்களுக்கு வத்தல்னா மிளகா, சென்னையில கேட்டா சுண்டைக்காயான்னு கேக்குறாங்க. நாகர்கோவில், தஞ்சாவூர், கோயம்புத்தூர், இலங்கைன்னு உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்கன்னு போடுங்க.

பனைமரத்தடி:

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறன். எங்கட அம்மா அரிசியை சுண்டாலதான் அளப்பா, "ரெண்டு சுண்டு போடு பிள்ளை" எண்டு சொல்லுவா. கடையில விக்கிற சுண்டு வேற, எங்கட வீட்டில பழைய பால்பேணி ஒண்டுதான் சுண்டு, அதை இஞ்ச வரேக்க கொண்டு வந்தவா, இப்பவும் அரிசி வாளிக்குள்ள கிடக்கு. நீங்கள் கேட்டபடி தண்ணி விட்டு அளந்து நாளைக்குப் போடுறன். மற்றது, "கறித்தூள்" எண்டு அவ சொன்னா அது வறுத்து இடிச்ச தூள், உங்கட மிளகாய்த்தூள் இல்லை, ரெண்டையும் ஒண்டாக்கிப் போடாதேங்கோ.

விருதுநகர்_பொண்ணு:

சுண்டு, பேணி ரெண்டையும் இப்பவே சேர்த்துட்டேன். கறித்தூளுக்கு வீட்டுக்கு வீடு தனிச் செய்முறையே இருக்கும்ல, அதைத் தொட்டா அந்தத் தூள் செய்யுற வீடியோவுக்குப் போற மாதிரி பண்ண முடியுமான்னு பார்க்குறேன். அம்மாகிட்ட அளந்து போடச் சொல்லுங்க, அளக்குறப்ப ஃபோனை எங்கயாவது சாய்ச்சு வச்சுக்கோங்க.